மதுரைக் கொடி ஏன் "வராதே" என்றது?

வணக்கம். பின்னால் தெரிவது வைகைதான். மதுரையில் வடகரையில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சுக்கு அந்தக் காற்றும் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதினேன். "தாத்தா இறந்த அன்று எங்கள் வீட்டு வேப்பமரம் அழுதது" என்று முதல் வரி. பெரிய கவிஞன் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. தமிழ் ஐயா சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "எப்படி அழுதது?" அன்றைக்கு எனக்குச் செம கோபம். மரம் அழுததென்றால் அழுததுதான், இதில் எப்படி என்ன எப்படி?

அந்தக் கேள்விக்குப் பதில் இந்த ஆற்றங்கரையில்தான் கிடைத்தது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு இதே ஆற்றைக் கடக்கிறார்கள், ஒரு மரத்தெப்பத்தில். அக்கரையில் என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வையைக்குத் தெரியும் என்கிறார் இளங்கோ. "புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக் கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி" என்று எழுதுகிறார். கண் நிறைய வந்த நீரை அந்தப் பெண்ணுக்குக் காட்டக் கூடாதென்று, பூக்களை ஆடையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு அடக்குகிறாளாம் வையை. வந்தவர்களோ இது நீர் ஓடும் ஆறில்லை, பூ ஓடும் ஆறு என்று வியந்துகொண்டே தெப்பத்தில் போகிறார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். சினிமாவில் நாயகன் செத்தால் உடனே மழை கொட்டும், இடி இடிக்கும். இங்கே ஆறு அழவில்லை, அழுகையை மறைக்கிறது. துக்க வீட்டில் சின்னப் பிள்ளை முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் அத்தைகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. அழுகிற ஆற்றைவிட மறைக்கிற ஆறுதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

சரி, அடுத்து அகழி. குவளை, ஆம்பல், தாமரை எல்லாம் "கண்ணீர் கொண்டு காலுற நடுங்க" நிற்கின்றன. 'கால்' என்றால் காற்று என்றும் பொருள், பூவின் காம்பு என்றும் கொள்ளலாம். காற்றுப் பட்டு நடுங்குகிறதா, கால் நடுங்குகிறதா? இரண்டும்தான். அப்புறம் கோட்டை மதில். போரில் வென்று ஏற்றிய கொடிகள், பெருமைக்காகப் பறப்பவை. அவை "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட", அதாவது வராதே வராதே என்று கையை அசைக்கின்றன.

கவனித்தீர்களா, இளங்கோ எதையும் இட்டுக்கட்டவில்லை. ஆற்றில் பூ மிதப்பது இயல்பு. காற்றில் தாமரை ஆடுவதும் கொடி அசைவதும் இயல்பு. நடப்பது அப்படியேதான் நடக்கிறது, அது 'ஏன்' நடக்கிறது என்பதை மட்டும் மாற்றிவிடுகிறார். தற்குறிப்பேற்றணி என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். தன் குறிப்பை ஏற்றுவது. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது.

கம்பர் கையில் இதே கொடி வேறு வேலை பார்க்கிறது. இராமன் மிதிலைக்குள் நுழையும்போது, நான் செய்த தவத்தால் திருமகளே இங்கே வந்திருக்கிறாள், "ஒல்லை வா", சீக்கிரம் வா என்று அந்த நகரம் கொடிகளைக் கைகளாக நீட்டிக் கூப்பிடுகிறது. அதே துணி, அதே காற்று. ஒருவனைத் தடுக்கிறது, ஒருவனை அழைக்கிறது. இதை எழுதும்போது கம்பர் மனதில் அந்த மதுரைக் கொடி இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். தாத்தா போனது ஒரு பங்குனி மாதம். முற்றமெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது, பாடையின்மேலும் கொட்டியது. அதை எழுதியிருந்தால் போதும், 'அழுதது' என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். புறநானூற்றில் 242ஆவது பாட்டு, குடவாயில் கீரத்தனார் பாடியது. ஒல்லையூரில் சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான். இளைஞர்கள் பூச்சூடவில்லை, பெண்கள் பறிக்கவில்லை, பாணனும் பாடினியும்கூடச் சூடவில்லை. ஆனால் பருவம் வந்தால் செடி பூக்கத்தானே செய்யும்? "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே" என்கிறார். முல்லையே, நீயுமா பூத்தாய்? இளங்கோ பூவை அழ வைத்தார், இவர் அழாத பூவிடம் நியாயம் கேட்கிறார். முல்லைக்கு எந்த உணர்ச்சியும் ஏற்றப்படவில்லை. துக்கம் முழுவதும் கேட்கிறவருடையது, அதனால்தானோ என்னவோ மூன்றில் இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

நற்றிணையில் ஒரு புன்னை மரம் இருக்கிறது, அதை உடன்பிறந்தவள் என்று நினைத்து அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சப்படுகிறாள் ஒரு பெண். அது அடுத்த வீடியோவில். பேட்டரி சிவப்புக் காட்டுகிறது, கிளம்புகிறேன்.