கிரீனிச்சில் ஜீரோவைத் தேடி ஒரு நாள்

வணக்கம் மக்களே! இப்போதுதான் ரூமுக்குள் வந்தேன், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. இதை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இன்றைக்கு லண்டன் கிரீனிச் பார்க்கில் நின்று, என் போனில் தீர்க்கரேகை 0.00000 என்று வரவைத்துவிட்டேன். புள்ளிக்குப் பிறகு ஐந்து பூஜ்யம்!

சரி, காலையிலிருந்து வருகிறேன். நான் ஏறவேண்டிய கோச் ஐம்பது நிமிஷம் லேட். போர்டில் 'ஐந்து நிமிஷம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது, குளிரில் கை விறைத்துப்போனது, யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேட் ஆனால் ஆகட்டும், அதைச் சொல்லிவிட்டால் போதாதா? எனக்கு ஒரு மணிக்குள் கிரீனிச் குன்றின் மேல் இருக்கவேண்டும். அங்கே ராயல் அப்சர்வேட்டரி என்ற பழைய வானியல் ஆய்வகத்தின் உச்சியில் ஒரு பெரிய சிவப்புப் பந்து இருக்கிறது. 12.55க்குப் பாதிக் கம்பம் வரை ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸில் நின்ற கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1833இல் தொடங்கியது.

பேங்க் ஸ்டேஷனில் டிஎல்ஆர் என்ற லண்டன் லோக்கல் ரயிலைப் பிடித்தேன். அதில் டிரைவர் அறை கிடையாது, அதனால் முன் சீட்டில் உட்கார்ந்தால் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். எனக்கு எப்போதும் ஜன்னல் சீட் வேண்டும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இது ஜன்னல் சீட்டுக்கெல்லாம் ராஜா. கிடைத்தது!

ஓடி மேலே ஏறும்போது பந்து பாதியில் நின்றது. மூச்சு வாங்குகிறது, கேமரா ஆடுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். உச்சிக்குப் போனது, அங்கேயே இரண்டு நிமிஷம், அப்புறம் சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் எனக்குப் புல்லரித்தது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். டிஎல்ஆரில் நேரே கட்டி சார்க் வரை போகாமல் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கினேன். அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் ஒரு நடைச் சுரங்கம். 1902இல் திறந்தது, சுமார் 370 மீட்டர், காசு கிடையாது. தென்கரையில் இருந்த தொழிலாளர்கள் துறைமுக வேலைக்கு நடந்து போகக் கட்டினார்கள். உள்ளே வெள்ளை ஓடு பதித்த வளைவான சுவர், நடுவில் லேசாகத் தாழ்ந்து மறுபடி ஏறும் தரை, யாரோ தும்மினால் கடைசிவரை கேட்கிறது. வடக்கு முனையில் மட்டும் குழாய் குறுகிவிடும். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சேதமானதால் உள்ளே இரும்பு வளையம் போட்டுச் சரிசெய்த இடம் அது. லேட் ஆகியும் அங்கே நின்று தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

இப்போது ஜீரோவுக்கு வருவோம். எல்லோரும் காலை இரண்டு பக்கமும் வைத்துப் போட்டோ எடுக்கும் மெரிடியன் கோடு, அதாவது தீர்க்கரேகை ஜீரோ என்று வகுத்த கோடு, அப்சர்வேட்டரி முற்றத்துக்குள் இருக்கிறது. அதற்கு டிக்கெட், வரிசை. வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்காது என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன்! அதே கோடு வெளியே நடைபாதையிலும் போகிறது, அங்கே யாரும் இல்லை. போய் நின்று போனைப் பார்த்தால், மேற்கே 0.0015 டிகிரி! போன் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை ஆஃப் செய்து போட்டேன்.

கெடவில்லை. அந்தக் கோடு ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாளரின் தொலைநோக்கியை வைத்துப் போட்டது. 1851இல் அவர் அதை நிறுத்தும்போது, அந்த இடத்தில் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதையே நேர்கீழ் என்று எடுத்துக்கொண்டார், பாதரசத் தட்டு வைத்துப் பார்த்து. அந்த இழுப்பு அங்கே துளி சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. அதனால் ஜிபிஎஸ்ஸின் ஜீரோ 102 மீட்டர் கிழக்கே தள்ளி இருக்கிறது.

புல்லில் இறங்கி நடந்தேன். 0.0009, 0.0004, நின்றால் எண் தானாகவே குதிக்கும். ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே, இருபது நிமிஷம். ஒரு நாய் வந்து என் ஷூவை முகர்ந்துவிட்டுப் போனது. பேட்டரி நான்கு சதவீதம். அப்போது வந்தது பாருங்கள், எல்லாம் பூஜ்யம்! அங்கே கோடும் இல்லை, பலகையும் இல்லை, ஈரப் புல்தான். உள்ளே வரிசையில் நின்றவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருந்தது.

அப்புறம், அப்சர்வேட்டரி வாசல் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்காமல் வராதீர்கள். அதன் முகத்தில் 12 அல்ல, 24 மணி. நண்பகலில் சின்ன முள் கீழே நிற்கும், ஆறு மணி என்று நினைத்துப் பதறவேண்டாம். கோடையிலும் கிரீனிச் நேரத்தையே காட்டும், அப்போது உங்கள் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்த மறு நிமிஷம் போன் அணைந்துவிட்டது. இதோ, திரையில் போடுகிறேன், எண்ணிப் பாருங்கள்.