பேய் பிறகுதான் வருகிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘கலைநோக்குடைய திகில் படங்களில் நம்மை உறைய வைப்பது பேயா, துயரமா?’ என்னும் தலைப்பில், துயரமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், பேயை எடுத்துவிட்டால் இவை வெறும் குடும்பச் சோகக் கதைகள் என்றார். ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’ (2018) படத்தில் பைமோன் என்னும் தீய ஆவி மெய்யாகவே வருவதைச் சான்றாகக் காட்டினார். வருகிறது, மறுக்கவில்லை. எப்போது வருகிறது என்பதே என் கேள்வி.

அந்தப் படத்தில், தான் ஓட்டிவந்த காரிலேயே தங்கை இறந்துபோக, பின்னிருக்கையைத் திரும்பிப் பார்க்கவும் துணிவின்றி வீடு வந்து சேரும் அண்ணன், யாரையும் எழுப்பாமல் படுக்கையில் சாய்கிறான். பொழுது விடிகிறது. கேமரா அவன் முகத்தை விட்டு அகலாமல் நிற்க, காரை எடுக்கச் சென்ற தாயின் அலறல் மட்டும் வெளியிலிருந்து கேட்கிறது. அந்த நேரத்தில் திரையில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்தச் சாவுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தின் சதி இருந்தது என்று எதிரணி எழுந்து சொல்லலாம். அது நமக்குத் தெரியாதபோதே உறைந்துபோனோமே, அந்த அச்சத்தை யார் கணக்கில் எழுதுவது?

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியையும் நண்பர் துணைக்கு அழைத்தார். அது எங்கள் அணிக்குரிய பழமொழி. அதில் குற்றம் இருட்டின் மேல் இல்லை, கண்ணின் மேல்தான் இருக்கிறது. நிக்கோலஸ் ரோக் 1973இல் எடுத்த ‘டோன்ட் லுக் நவ்’ படத்தைப் பாருங்கள். சிவப்பு மழைக்கோட்டு அணிந்த மகளைக் குளத்தில் பறிகொடுத்த ஒருவர், வெனிஸ் நகரில் பழைய தேவாலயம் ஒன்றைச் செப்பனிடும் வேலைக்கு வருகிறார். கால்வாய் ஓரங்களில் சிவப்புக் கோட்டணிந்த சிறிய உருவம் ஒன்று அவர் கண்ணில் பட்டுப் பட்டு மறைகிறது. படம் வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டதால், முடிவைச் சொல்வதற்கு நடுவர் என்னை மன்னிப்பார்: அந்த உருவத்தைத் துரத்திச் சென்று அவர் நெருங்கும்போது, திரும்பிப் பார்ப்பது குழந்தை அல்ல, குள்ளமான ஒரு கொலைகாரி. அவரைக் கொன்றது மனிதக் கை. அந்தப் படத்தில் பேய் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால், அது இறந்த மகள்தான். அவளோ, கண் தெரியாத ஒரு மூதாட்டியின் வாய்வழியாக, தந்தை வெனிஸில் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று எச்சரிக்கிறாள். ஆவி காப்பாற்றப் பார்க்கிறது. துயரம் அவரைக் கத்தியின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இறுதியாக, ஜெனிபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படமான ‘தி பாபடூக்’ (2014). பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் வழியில் விபத்தில் கணவனை இழந்த பெண், அவன் பொருள்களை நிலவறையில் பூட்டிவைக்கிறாள். அவன் இறந்த நாளே மகன் பிறந்த நாள் என்பதால், அந்த நாளில் பிறந்தநாள் விழாவே எடுப்பதில்லை. கதைப்புத்தகத்திலிருந்து எழும் பாபடூக் என்னும் பேயுருவம் முடிவில் சாகவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அதே நிலவறையில் ஒடுங்குகிறது. மகனுக்கு முதன்முறையாக உரிய நாளிலேயே பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். பேய்தான் எல்லாம் என்னும் நண்பர்கள், விரட்டி முடிக்க வேண்டிய ஒன்றுக்கு அந்தத் தாய் ஏன் கிண்ணம் நிறைய மண்புழு எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறாள் என்பதற்கு விடை சொல்லட்டும்.