இரண்டு விநாடி

உங்களில் யாராவது கடிகாரம் கட்டியிருந்தால் அதைக் கொஞ்சம் பாருங்கள். ஒன்று... இரண்டு. ஆயிற்று. குத்துச்சண்டை வீரர் மெல்ட்ரிக் டெய்லருக்கு மிச்சம் இருந்தது இவ்வளவுதான். இதைத் தாண்டியிருந்தால் இரண்டு உலகப் பட்டங்கள் அவர் கையில்.

1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் ஹில்டன். ஒரு பக்கம் மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸ், அதுவரை தோல்வியே காணாதவர். எதிரே பிலடெல்பியாவின் டெய்லர். 17 வயதிலேயே, 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அவரும் தோற்றதில்லை, ஒரே ஒரு டிரா. உலகப் பட்டம் தரும் இரண்டு அமைப்புகளில், சாவேஸிடம் டபிள்யூபிசி பட்டம், டெய்லரிடம் ஐபிஎஃப் பட்டம்.

கைவேகத்தில் டெய்லரை நெருங்கவே முடியவில்லை. சாவேஸ் ஒன்று அடிப்பதற்குள் இவர் மூன்று அடித்துவிடுவார். ஆனால் சாவேஸின் அந்த ஒன்று இருக்கிறதே, அது எலும்பு வரை போகும். பாயிண்ட் ஏறிக்கொண்டே போனது டெய்லருக்கு; முகம் வீங்கிக்கொண்டே போனதும் அவருக்குத்தான். வாயிலிருந்து வந்த ரத்தத்தை விழுங்கி விழுங்கி ஆடியிருக்கிறார். முகத்தில் எலும்பு உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

பதினோரு ரவுண்டு முடிந்தபோது இரண்டு ஜட்ஜுகளின் தாளில் டெய்லர் வெகுதூரம் முன்னால்: 108-101, 107-102. மூன்றாமவர் மட்டும் 105-104 என்று சாவேஸுக்குக் கொடுத்திருந்தார். (அவர் எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) கடைசி ரவுண்டில் ஒருமுறை கீழே விழுந்து எழுந்தாலும் டெய்லருக்கே வெற்றி. ஒதுங்கி ஒதுங்கி மூன்று நிமிடத்தை ஓட்டினால் போதும். ஆனால் அவருடைய கார்னரில் இருந்த பயிற்சியாளர் லூ டூவா, இந்த ரவுண்டும் நமக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பையன் மோதப் போய்விட்டான்.

முடிய இருபது விநாடிகூட இல்லாதபோது சாவேஸின் வலது கை இறங்கியது. டெய்லர் விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தும்விட்டார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறாயா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அதே நேரம் டூவா ரிங் விளிம்பில் ஏறிக் கத்த, டெய்லர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். ஸ்டீல் கையை வீசினார். 2 நிமிடம் 58 விநாடி. சண்டை முடிந்தது, வெற்றி சாவேஸுக்கு.

ஸ்டீலைத் திட்டுகிறவர்கள் சொல்வது இதுதான்: கடைசிப் பத்து விநாடிக்கான சிவப்பு விளக்கு கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது, சாவேஸ் ஓடிவந்து இன்னொரு குத்து விடவும் நேரம் கிடையாது. உண்மைதான். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். ஸ்டீல் சொன்ன பதில், நேரம் பார்ப்பது என் வேலை இல்லை, போதும் என்று ஆனவனை நிறுத்துவதுதான் என் வேலை என்பது. முதலில் அது எனக்குச் சாக்காகத்தான் பட்டது.

அப்புறம் 1982ஐ நினைத்துப் பார்த்தேன். அதே லாஸ் வேகாஸில், 14ஆவது ரவுண்டில் விழுந்த கொரியாவின் கிம் டுக் கூ நான்கு நாளில் இறந்துபோனார். அந்தச் சண்டையின் நடுவரும் அடுத்த ஆண்டே உயிரோடு இல்லை. சும்மா விசில் ஊதிப் பிழைக்கிற வேலை இல்லை நடுவர் வேலை. இரண்டு முறை கேட்டும் வாய் திறக்காத ஒருவன் முன்னால் நிற்கும்போது விளக்கை அண்ணாந்து பார் என்று நடுவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கோபம் கார்னர் மீதுதான். ஜெயித்துக்கொண்டிருந்தவனை மோத அனுப்பியதும் அவர்கள், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கவனத்தைக் கலைத்ததும் அவர்கள். ஆனால் பழி முழுக்க ஸ்டீல் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு ரிங்கில் அவர் பெயரை அறிவித்தாலே கூட்டம் கூச்சல் போடும்.

டெய்லர் 1991இல் வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவில் பட்டம் ஒன்றை வென்றார். ஆனால் அந்த இரவுக்கு முந்தைய டெய்லர் திரும்பவில்லை. 1994 செப்டம்பரில் சாவேஸோடு மறுபடி மோதினார். எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார்கள். அன்றைக்கு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.