தோசைக்கல்லில் வேகும் ஸ்கான்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஸ்கான் செய்ய ஆசைதான், வீட்டில் ஓவன் இல்லையே" என்று என்னிடம் சொல்லாதவர் குறைவு. அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஸ்கான் என்பது தேநீரோடு சாப்பிடும் ஒரு சிறு ரொட்டி. அதற்கு ஓவன் பின்னால் வந்த உறவு. ஸ்கான் பிறந்து வளர்ந்தது ஸ்காட்லாந்தில், இரும்புக் கல்லின் மேல்.

முதலில் பெயர். ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஸ்கான்' என்பார்கள். தெற்கு இங்கிலாந்தில் 'ஸ்கோன்' என்று நீட்டுவோர் உண்டு. பெர்த் நகருக்குப் பக்கத்தில், பழைய ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய ஊர் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் அதே எழுத்துகள், ஆனால் அதை 'ஸ்கூன்' என்றுதான் சொல்ல வேண்டும்! நான் அதன் பிறந்த வீட்டுப் பெயரான 'ஸ்கான்' என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

1513இல் கேவின் டக்ளஸ் என்ற கவிஞர் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்தபோது இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். அதில் பசியோடு கரையேறிய டிராய் நாட்டவர், உணவை வைத்துச் சாப்பிட்ட தட்டை ரொட்டிகளையும் சேர்த்துத் தின்றுவிடுவார்கள். இலையையும் விடாமல் சாப்பிட்ட விருந்து!

அந்தக் காலத்து ஸ்கான் ஓட்ஸ் மாவிலோ பார்லி மாவிலோ தட்டிய வட்டம். கணப்பு நெருப்புக்கு மேலே தொங்கும் தட்டையான இரும்புக் கல்லில் வேகும். அந்தக் கல்லுக்கு அங்கே 'கர்டில்' என்று பெயர். ஃபைஃப் பகுதியிலுள்ள கூரஸ் என்ற ஊர்தான் கர்டிலுக்குப் பேர்போனது. அதைச் செய்யும் தனியுரிமையை 1599இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னரே அந்த ஊருக்கு வழங்கினார். நாம் இன்று படத்தில் பார்க்கும் உயரமான ஸ்கான், 1843இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடரை உருவாக்கிய பிறகு பரவியது. அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதற்கு மாற்றுத் தேடியபோது கிடைத்ததுதான் அது. அந்த ஸ்கானில் கிரீமை முதலில் பூசுவதா, ஜாமை முதலில் பூசுவதா என்று இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் மாவட்டங்கள் போடும் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

இனி அடுப்படிக்குப் போகலாம். 225 கிராம் மைதா, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, கால் தேக்கரண்டி உப்பு. மூன்றையும் சலித்துக்கொள்ளுங்கள். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும். 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துவிடுங்கள். பிறகு சுமார் 150 மில்லி புளித்த கெட்டி மோர். ஸ்காட்லாந்துப் பண்ணை வீடுகளிலும் வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோரைத்தான் ஊற்றினார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த நொடியே வாயு கிளம்பத் தொடங்கும். எனவே கர்டிலுக்குப் பதிலாக நம் தோசைக்கல்லைச் சூடாக்கிவிட்டு அப்புறம் மோரை ஊற்றுங்கள்.

நம் கைகள் தவறுவது இந்த இடத்தில்தான். சப்பாத்திக்குப் பழகிய கை மாவைக் கண்டதும் பிசையத் துடிக்கும். நான் முதல் தடவை பத்து நிமிடம் பிசைந்தேன். வந்தது ஸ்கான் அல்ல, செருப்புத் தோல். பிசையப் பிசைய மாவின் பசைச்சத்து இறுகும், உள்ளே எழும் வாயுவால் அதைத் தூக்க முடியாது. ஒன்றுசேர்ந்தால் போதும், ஒட்டினாலும் பரவாயில்லை. மாவு தூவிய பலகையில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டுங்கள்.

கல்லில் எண்ணெய் வேண்டாம். ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். அது மெல்லப் பழுப்பேறினால் சூடு சரி. உடனே கருகினால் தீயைக் குறையுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு நிமிடம். பிறகு துண்டுகளை நிமிர்த்தி, வெட்டிய ஓரங்களையும் சற்று வாட்டுங்கள். எடுத்ததும் சுத்தமான துணியில் சுற்றி வைத்தால் மேல்தோல் மென்மையாக இருக்கும். சூட்டோடு கையால் பிளந்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள், கத்தி வேண்டாம்.

வீட்டில் ஒரே தோசைக்கல்தான் என்றால், மறுநாள் முதல் தோசை ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கலாம். கருகிய மாவைத் துடைத்துவிட்டு, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வழிக்கு வந்துவிடும். நன்றி, வணக்கம்.