மடாலயத்து வைன் வாங்குறீங்களா? முதல்ல லேபிளைப் படிங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேசையில மூணு பாட்டில் இருக்கு. மூணும் மடாலயத்துல பிறந்த வைன். ஆனா இதுல ஒண்ணுதான் இன்னமும் துறவிகள் கையில இருக்கு. மடாலயம்னு லேபிள்ல பார்த்ததும், உள்ள ஒரு சாமியார் பீப்பாயைத் தட்டிப் பார்த்துக்கிட்டிருப்பார்னு மனசு கற்பனை பண்ணிடும். அந்தக் கற்பனைக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கறோம். அதனால இப்ப இது யாருதுன்னு முதல்ல பாருங்க.

சிவப்புல ஆரம்பிப்போம். பிரான்ஸ்ல பர்கண்டி, க்ளோ த வூஜோ. 1098ல தொடங்குன சீத்தோ மடத்துத் துறவிகள் வளர்த்த தோட்டம், 1336 வாக்குல சுத்தி மதில் எழுப்பிட்டாங்க. பிரெஞ்சுப் புரட்சியில பறிமுதல் பண்ணி வித்துட்டாங்க. இன்னைக்கு அந்த 50 ஹெக்டேருக்குச் சுமார் 80 சொந்தக்காரங்க. சரிவோட மேல் பக்கம் சுண்ணாம்புப் பாறை, தண்ணி வடிஞ்சிடும். கீழே ரோட்டோரம் களிமண், மழை வருஷத்துல ஈரம் நின்னு பழத்தோட சுவை நீர்த்துடும். ஆனா ரெண்டுக்கும் லேபிள்ல ஒரே கிராண்ட் க்ரூ அந்தஸ்து, அதாவது பர்கண்டியில தோட்டத்துக்குக் குடுக்கற உச்சத் தரம்! தயாரிப்பாளர் யாரு, அவரோட கொடி வரிசை மதிலுக்குள்ள எந்தப் பக்கம்னு தெரியாம இதுக்குப் பெரிய காசு போடாதீங்க.

அடுத்தது வட இத்தாலி, ப்ரிக்சன் ஊர் பக்கத்துல நொய்ஷ்டிஃப்ட் மடம். இத்தாலியன்ல நோவாசெல்லா. 1142ல ஆரம்பிச்சது, அகஸ்டீனியன் துறவிகள் இன்னமும் அங்க இருக்காங்க, வைன் தொழிலும் மடத்தோடதுதான். இங்க கெர்னர்ங்கற வெள்ளை திராட்சையோட வைனை வாங்குங்க. ரீஸ்லிங்ங்கற வெள்ளை திராட்சையையும் ட்ரோலிங்கர்ங்கற சிவப்பு திராட்சையையும் கலந்து 1929ல ஜெர்மனியில உருவாக்குன ரகம். தோட்டங்கள் 600 மீட்டருக்கு மேல இருக்கறதால ராத்திரி குளிர்ல புளிப்பு குறையாம நிக்குது. முதல் தடவை வாங்கறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

இப்ப முக்கியமான பாட்டில். ஜெர்மனி, ரைன்காவ் பகுதி, க்ளோஸ்டர் எபர்பாக். 1136ல சிஸ்டெர்சியன் துறவிகள் தொடங்குனது. 1803ல மடத்தைக் கலைச்சாங்க, நாசாவ் பிரபுக்கள் கைக்குப் போச்சு, 1866ல பிரஷ்யாவுக்கு, இப்ப தோட்டமும் வைன் கிடங்கும் ஹெஸ்ஸே மாநில அரசோடது. அதாவது இது அரசாங்க வைன்! இவங்களோட பேர்பெற்ற தோட்டம் ஷ்டைன்பெர்க். அதைச் சுத்தி ஓடுற மதில் துறவிகள் 1767ல கட்டி முடிச்சது, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். இடம் காட்டை ஒட்டி உயரத்துல இருக்கறதால ரீஸ்லிங்கோட புளிப்பு கூர்மையா வரும்.

லேபிளைக் கிட்டக் காட்டறேன் பாருங்க. கபினெட்னு இருக்கா? அது பழம் பறிச்சப்போ சாறுல இருந்த சர்க்கரையோட அளவு. ரைன்காவ் ரீஸ்லிங்குக்குக் குறைஞ்சது 73 எக்ஸ்லே, சாறோட சர்க்கரையை அளக்கற ஜெர்மன் அளவு அது. அதுக்கு மேல் படியான ஷ்பேட்லேஸேன்னா 85, அதுக்கும் மேல ஔஸ்லேஸேன்னா 95. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இந்த எண்ணு பழத்தோடது, பாட்டில்ல மிச்சம் இருக்கற இனிப்போடது இல்ல. ட்ரொக்கன், அதாவது இனிப்பில்லாததுன்னு சேர்த்துப் போட்டிருந்தா லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான், ஹால்ப்ட்ரொக்கன், அதாவது பாதி இனிப்பில்லாததுன்னா பொதுவா 18 வரைக்கும். ரெண்டுமே இல்லேன்னா ஆல்கஹாலைப் பாருங்க. ரீஸ்லிங்குல 8, 9 சதவீதம்னா சர்க்கரை முழுசா நொதிக்கல, இனிக்கும். 12ன்னா அநேகமா இனிக்காது.

கீழே பொடி எழுத்துல ஒரு நீள நம்பர் இருக்கு பாருங்க, அரசாங்கப் பரிசோதனை எண். கடைசி ரெண்டு இலக்கம் பரிசோதனை நடந்த வருஷம். அதுக்கு முன்னாடி வர்ற எண் பாட்டிலடைப்பு வரிசை. ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஆனா சுவை வேறன்னா இந்த எண் ரெண்டு பாட்டில்லயும் ஒண்ணான்னு பாருங்க.

சரி, ஊத்தலாம். வீட்டு ஃப்ரிட்ஜ்ல 4, 5 டிகிரி இருக்கும், அந்தக் குளிர்ல வாசனையே எழாது. வெள்ளை வைன் ரெண்டையும் 15 நிமிஷம் முன்னாடி எடுத்து வெளியே வைங்க, 8ல இருந்து 10 டிகிரிக்கு வரட்டும். ஆளுக்கு 60 மில்லி போதும், ஒரு பாட்டில் 12 பேருக்கு வரும். கிளாஸை அடித்தண்டுல பிடிங்க, கிண்ணத்தைப் பிடிச்சா கைச்சூடு ஏறிடும். முதல்ல கெர்னர், அப்புறம் சிவப்பு, கடைசியா இனிப்பான கபினெட். இனிப்பை முதல்ல குடிச்சா அடுத்தது எல்லாமே வெறும் புளிப்பாத் தெரியும், வைன் மேல தப்பே இருக்காது.

கிளாஸை லேசா சுழற்றி மோந்து பாருங்க. பழைய ரீஸ்லிங்ல லேசா பெட்ரோல் வாசனை வரும். பயப்படாதீங்க, அது அந்த ரகத்தோட குணம், வயசாக ஆகக் கூடும். பாட்டிலோட அடியில கல்கண்டுத் தூள் மாதிரி படிவு இருந்தா டார்ட்டாரிக் உப்பு, குளிர்ல இறங்கினது, ஒண்ணும் பண்ணாது. ஆனா கார்க் போட்ட பாட்டில்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா கதை வேற. அது கார்க்ல இருந்து வர்ற டிசிஏங்கற சேர்மம். காத்தாட வைச்சாலும் போகாது, இன்னும் தூக்கலாத்தான் தெரியும். கடையில திருப்பிக் குடுங்க. தீக்குச்சி வாசனைன்னா அது கந்தகம், வேற ஒரு குடுவையில ஊத்திக் கொஞ்ச நேரம் வைச்சா பெரும்பாலும் அடங்கிடும்.

வாயில எடுத்து அஞ்சு விநாடி நிறுத்துங்க. முழுங்குனதுக்கு அப்புறம் கன்னத்துக்குள்ள எச்சில் ஊறுதுல்ல, அதுதான் புளிப்போட அளவு. கபினெட்ல சர்க்கரை இருந்தும் திகட்டாததுக்கு இதுதான் காரணம். நம்ம காரச் சாப்பாட்டுக்கும் இதுதான் சரி. ஆல்கஹால் கம்மிங்கறதால எரிச்சலைக் கூட்டாது, இனிப்பு காரத்தைத் தணிக்கும். 14 சதவீதச் சிவப்பை மிளகாய்க் குழம்போட வைச்சா நாக்கு எரியறதுதான் மிச்சம்.

மிச்சமானதை மூடி ஃப்ரிட்ஜ்ல நிமிர்த்தி வைங்க. கெர்னர் மூணு நாள் தாங்கும், கபினெட் ஒரு வாரம் வரைக்கும். வூஜோவை மட்டும் ரெண்டு நாளுக்குள்ள முடிச்சிடுங்க.