சார்ஜென்ட் யார்க்: ஒரு காலைச் சண்டையும் 45 வருஷ விவசாயமும்

வணக்கம். சார்ஜென்ட் யார்க் என்ற பெயரைப் போர்க்கதைகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் உலகப் போரில், காயமில்லாமல் மிஞ்சிய ஏழு பேரை வைத்துக்கொண்டு 132 ஜெர்மன் வீரர்களைக் கைதிகளாகக் கூட்டி வந்த அமெரிக்கர். அந்தச் சண்டை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் 45 வருஷம் விவசாயியாக வாழ்ந்தார். எனக்கு அந்த 45 வருஷம்தான் சுவாரசியமாகப் படுகிறது. ஏனென்றால் அதில் பெரும்பகுதி கடன்.

[திரையில்: டென்னசி மாநில வரைபடம், வடக்கு எல்லையில் ஒரு புள்ளி]

ஆல்வின் யார்க் பிறந்தது 1887 டிசம்பர் 13. டென்னசியின் வடக்கு ஓரத்தில், கென்டக்கி எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் பால் மால் என்ற சின்ன ஊர். இரண்டே அறை கொண்ட மரக்கட்டை வீடு. 11 பிள்ளைகளில் இவர் மூன்றாவது. அப்பா வில்லியம் விவசாயி, கொல்லுப் பட்டறையும் வைத்திருந்தார். காட்டில் வேட்டையாடினால்தான் வீட்டில் கறி. அதனால் துப்பாக்கி சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனது? வாழ்நாளில் மொத்தம் சுமார் ஒன்பது மாதம். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

1911-இல் அப்பா இறந்தார். மூத்த அண்ணன்கள் இரண்டு பேரும் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டார்கள். அம்மாவையும் தம்பி தங்கைகளையும் பார்க்கும் பொறுப்பு ஆல்வின் தலையில் விழுந்தது. வயல் வேலை போக, ரயில் பாதை போடும் இடத்திலும் மரம் வெட்டும் இடத்திலும் கூலிக்குப் போனார். சம்பாதித்ததில் ஒரு பங்கு எல்லையோரச் சாராயக் கடைகளுக்குப் போனது. குடி, சூதாட்டம், அடிதடி எல்லாம் உண்டு. அப்படி ஒரு குடிச் சண்டையில் அவருடைய நெருங்கிய நண்பர் கொல்லப்பட்டார். 1915 தொடக்கத்தில் ஆல்வின் மனம் மாறி ஊரிலிருந்த கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். குடியை விட்டார், சூதை விட்டார். மனிதரைக் கொல்வது பாவம் என்று போதித்த சபை அது.

அடுத்த வீதி என்று சொல்ல முடியாத அந்த மலைக்காட்டில் பக்கத்துக் குடும்பத்துப் பெண் கிரேசி வில்லியம்ஸ். இவரைவிடக் கிட்டத்தட்ட 12 வயது இளையவர். பழைய குடிகாரனுக்குப் பெண் கொடுக்கப் பெற்றோருக்கு மனமில்லை. நியாயம்தான். இருவரும் காத்திருந்தார்கள். அதற்குள் போர் வந்துவிட்டது.

1917 ஜூனில் கட்டாய ராணுவப் பதிவு. அங்கே ஒரு வேடிக்கை. ஆல்வினுக்கு வேதம் சொன்ன போதகர் ரோசியர் பைல்தான் அந்த ஊரின் கடைக்காரர், போஸ்ட்மாஸ்டர், ராணுவப் பதிவு அலுவலரும் அவரே. படிவத்தில் விலக்கு கேட்கிறீர்களா, காரணம் என்ன என்று ஒரு கேள்வி. ஆல்வின் எழுதிய பதில்: ஆமாம், சண்டை போட விருப்பமில்லை. அரசு ஏற்கவில்லை.

பயிற்சி முகாமில் டான்ஃபோர்த் என்ற கேப்டனும் பக்ஸ்டன் என்ற மேஜரும் இவரை மிரட்டவில்லை. பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு, இவர் ஒரு வசனம் சொன்னால் அவர்கள் பதிலுக்கு ஒரு வசனம் என்று ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். பிறகு பத்து நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பி, நீயே முடிவு செய் என்றார்கள். மலையில் போய் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு, சண்டைக்குத் தயாராகத் திரும்பி வந்தார். ராணுவ வரலாற்றில் இப்படி ஒரு மேஜர் கிடைப்பது அபூர்வம் என்பேன். ஆல்வினும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பின்னாளில் ஒரு மகனுக்கு ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் என்று அந்த மேஜரின் பெயரையே வைத்தார்.

[திரையில்: ஆர்கோன் காட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1918 அக்டோபர் 8, பிரான்சின் ஆர்கோன் காடு. யார்க் உட்பட 17 அமெரிக்கர்கள் சுற்றி வளைத்துக்கொண்டு ஜெர்மன் வரிசைக்குப் பின்னால் போனார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் திரும்பியதில் ஆறு பேர் செத்தார்கள், மூன்று பேருக்குக் காயம். இன்னும் சார்ஜென்ட் ஆகாமல் கார்ப்பரலாகவே இருந்த யார்க்தான் இப்போது பொறுப்பாளர். தலை தெரியத் தெரியச் சுட்டார். ஒரு கட்டத்தில் ஆறு ஜெர்மானியர்கள் வரிசையாகத் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடி வந்தார்கள். இவர் கைத்துப்பாக்கியை எடுத்துக் கடைசி ஆளை முதலில் சுட்டார், அப்புறம் அதற்கு முந்தைய ஆள். முன்னால் வருபவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஊரில் காட்டு வான்கோழிக் கூட்டத்தை அப்படித்தான் சுடுவார்களாம். கடைசியில் சிகாகோவில் வாழ்ந்து ஆங்கிலம் பழகிய வோல்மர் என்ற ஜெர்மன் அதிகாரி, சுடுவதை நிறுத்தினால் எல்லோரையும் சரணடையச் சொல்கிறேன் என்றார். சண்டைக் கதை இவ்வளவு போதும்.

1919 மே மாதம் கப்பல் நியூயார்க் அருகே வந்து நின்றபோது அமெரிக்காவின் மிகப் பெரிய பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அவரிடம் இருந்தது. ஊரே கொண்டாடியது. பங்குச் சந்தைக்காரர்கள் தோளில் தூக்கினார்கள். அவர் பார்க்க ஆசைப்பட்டதோ சுரங்க ரயில். விளம்பரத்துக்கு, நாடக மேடைக்கு, சினிமாவுக்கு என்று பணத்தோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இந்தச் சீருடை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஊருக்கு ரயில் ஏறினார். ஜூன் 7-ஆம் தேதி கிரேசியோடு கல்யாணம். நடத்தி வைத்தது டென்னசியின் ஆளுநரே. மாமனார் மாமியாருக்கு இனி என்ன ஆட்சேபம் இருந்திருக்கும்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பணத்தை வேண்டாம் என்றவர் ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டார். நிலம். நாஷ்வில் ரோட்டரி சங்கத்தினர் நன்கொடை திரட்டி, வுல்ஃப் நதிக் கரையில் சுமார் 400 ஏக்கர் நல்ல வண்டல் பூமியை அவருக்குப் பரிசாக அறிவித்தார்கள். செய்தித்தாளில் படித்தவர்கள் ஹீரோவுக்குப் பண்ணை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் அது தவணையில் வாங்கிய நிலம். நன்கொடை பாதியில் வற்றியதும் மீதித் தவணை யார்க் தலையில் வந்தது. நிலத்தோடு மாடு, குதிரை, ஏர், கொட்டகை எதுவும் வரவில்லை. அதற்கெல்லாம் அவர்தான் கடன் வாங்கினார்.

நேரமும் மோசமான நேரம். போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குத் தானியம் அனுப்பி அனுப்பி அமெரிக்க விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த விலையை நம்பி நாடு முழுக்கக் கடனுக்கு நிலம் வாங்கினார்கள். ஐரோப்பிய வயல்கள் மறுபடி விளையத் தொடங்கின, 1920-21-இல் கோதுமையும் சோளமும் பாதி விலைக்கும் கீழே விழுந்தன. விளைச்சலின் விலை சரிந்தாலும் தவணைத் தொகை சரியாது. இதில் மாட்டியது யார்க் மட்டும் இல்லை, ஆனால் மற்றவர்களின் கடன் பத்திரிகையில் வரவில்லை. இவருடையது வந்தது. உதவி கேட்ட போர்வீரரைக் குத்திக்காட்டி எழுதியவர்களும் உண்டு. எந்தக் கஷ்டமும் பழகிவிடும், கடன்பட்டிருப்பது மட்டும் தனக்குப் பழகாது என்று அவரே புலம்பியிருக்கிறார். நாடெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்களிடம் முறையிட்டு, 1921 கிறிஸ்துமஸுக்குள் ஒருவழியாகப் பணம் திரண்டது.

இங்கேயே அடங்கியிருந்தால் அவர் நிம்மதியாக விவசாயம் பார்த்திருப்பார். அடங்கவில்லை. அந்த ஒன்பது மாதப் படிப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மலைப் பிள்ளைகளுக்கு விவசாயமும் தொழிலும் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் சேர்த்தார். தன் கதையை விற்க மாட்டேன் என்றவர், பள்ளிக்காக மேடை ஏறினார். அந்த மாவட்டத்தின் தலைநகரான ஜேம்ஸ்டவுனில் யார்க் பள்ளி எழுந்தது. எங்கே கட்டுவது, யார் நடத்துவது என்று உள்ளூர்ப் பிரமுகர்களோடு ஓயாத சண்டை. பிள்ளைகளை அழைத்துவர வண்டிச் செலவுக்குக் காசில்லாத சமயத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? மீட்ட அதே பண்ணையை மறுபடி அடமானம் வைத்தார். நல்ல மனது, மோசமான கணக்கு. கிரேசி என்ன சொன்னாரோ!

ஏனென்றால் வீட்டிலும் ஆள் அதிகம். முதல் குழந்தை பிறந்த உடனே இறந்தது. அதன் பிறகு பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள்: உட்ரோ வில்சன், சாம் ஹூஸ்டன், ஆண்ட்ரூ ஜாக்சன், தாமஸ் ஜெஃபர்சன், பெட்சி ராஸ். அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தையே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்த மாதிரி. இவர் ஊர் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த வருஷங்களில் இத்தனை பேரையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டது கிரேசிதான். ஹீரோவின் கதையில் அவருக்குக் கிடைக்கும் இடம் ரொம்பக் குறைவு என்பது என் குறை.

இரண்டாவது உலகப் போர் நெருங்கியபோது சினிமாவுக்குச் சம்மதித்தார். வருமானத்தில் ஊரில் ஒரு பைபிள் பள்ளி கட்டுவது திட்டம். 1941-இல் படம் வந்தது, கேரி கூப்பர் யார்க்காக நடித்து ஆஸ்கர் வாங்கினார். யார்க்குக்கு முதல் இரண்டு வருஷத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலர் வந்தது. வந்ததைப் பள்ளிக்கும், கை நீட்டியவர்களுக்கும் கொடுத்தார். போரில் சேர மறுபடி போனார், வயதும் உடம்பும் இடம் தரவில்லை. பதிலுக்கு அவருடைய மாவட்டத்தின் கட்டாய ராணுவச் சேர்ப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1917-இல் அந்தப் படிவத்தை நிரப்பிய அதே மனிதர்தான்.

[திரையில்: 1951]

வருமான வரித் துறை வந்தது. படத்தில் கிடைத்த பணத்துக்கு ஒழுங்காக வரி கட்டவில்லை என்று வழக்கு. அவரிடம் கணக்குப் புத்தகமும் இல்லை, பணமும் இல்லை. 1954-இல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். வட்டி மட்டும் நடந்துகொண்டிருந்தது. பத்து வருஷ இழுபறியில் பாக்கி ஒரு லட்சத்து எழுபதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. சட்டப்படி அரசு கேட்டது தப்பில்லை என்று வாதிடலாம். ஜனாதிபதி கென்னடியே இதைத் தேசிய அவமானம் என்று கருதி முடித்துவைக்கச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கீழவைத் தலைவர் சாம் ரேபர்ன் முன்னின்று நிதி திரட்டினார். 1961-இல் 25,000 டாலரோடு அரசு கணக்கை முடித்துக்கொண்டது. மீதி 30,000 டாலரை ஓர் அறக்கட்டளையில் போட்டுக் குடும்பத்துக்கென்று வைத்தார்கள். கையில் கொடுக்கவில்லை. ஆளைப் புரிந்துவைத்திருந்தார்கள்!

1964 செப்டம்பர் 2, நாஷ்வில்லில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் இறந்தார். கிரேசி 1984 வரை வாழ்ந்தார். பண்ணையை டென்னசி அரசு வாங்கி, வீடு, மாவு ஆலையோடு சேர்த்துப் பூங்காவாக்கிவிட்டது. மகன் ஆண்ட்ரூ ஜாக்சன் யார்க் அங்கேயே பூங்கா ஊழியராக வேலை பார்த்தார். வண்டிச் செலவுக்காகப் பண்ணையை அடமானம் வைத்த அந்தப் பள்ளிக்கூடம் இன்றைக்கும் ஜேம்ஸ்டவுனில் நடக்கிறது, செலவு இப்போது மாநில அரசுடையது.