“நாங்கள் அடிமைகளாக இருந்ததில்லையே”

அன்புக்குரிய இறைமக்களே,

தவக்காலம் தொடங்கும்போதெல்லாம் யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் வரும் ஓர் உரையாடல் என் நினைவுக்கு வருகிறது. உண்மை உங்களுக்கு விடுதலை அளிக்கும் என்று இயேசு சொன்னவுடன், கேட்டவர்கள் மகிழ்ச்சி அடையவில்லை. தாங்கள் ஒருபோதும் யாருக்கும் அடிமைகளாக இருந்ததில்லையே என்று மறுத்தார்கள். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்தவர்களின் வழிவந்தவர்கள், உரோமையரின் ஆட்சிக்கு உட்பட்ட எருசலேமில் நின்றுகொண்டு சொன்ன சொல் அது. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. என் கோபத்தை இயல்பு என்றும், பாராட்டுக்கு ஏங்குவதைத் தன்மானம் என்றும், பிறரைப் பற்றிப் புறம்பேசுவதை அக்கறை என்றும் பெயர் மாற்றி வைத்திருக்கும் நானும் அதே மறுமொழியைத்தான் நாள்தோறும் சொல்லி வருகிறேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாள்வரை, ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் வருகிற 40 நாள்களும், இந்தப் பெயர்களைத் திருத்தி எழுதுவதற்காக நமக்குத் தரப்பட்டவை. ஆனால் தன்னைத்தானே ஆராய்வதும் ஒரு சிறையாகிவிடக்கூடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், 1522இல் ஸ்பெயின் நாட்டின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, தம் பழைய பாவங்களை முழுமையாக அறிக்கையிட்டோமா என்னும் ஐயத்தால் திரும்பத் திரும்பக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்தை நாடினார், அமைதி கிடைக்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரை அலைக்கழித்தது. இந்தத் துருவல் கடவுளிடமிருந்து வருவதன்று என்று தெளிந்து, முடிந்துபோன பாவங்களை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என்று உறுதிகொண்ட பிறகே அவர் விடுபட்டார்.

அப்படித் துன்புற்றவர் பின்னாளில் வகுத்துத் தந்த ஆன்ம சோதனை, அதாவது நாள்தோறும் தன்னையே இறைவன் முன் ஆராயும் செபம், எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். முதற்படி, பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுவது. இரண்டாவது, தன் பாவங்களை அறியும் அருளை இறைவனிடம் கேட்பது. அதன் பிறகுதான் அன்றைய பொழுதை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பதும், மன்னிப்புக் கேட்பதும், திருந்துவதற்கு உறுதி பூணுவதும் வருகின்றன. பாவக் கணக்கு மூன்றாம் இடத்தில் இருக்கிறது! 139ஆம் திருப்பாடலும் இதே வழியில்தான் செல்கிறது: ‘ஆண்டவரே, நீர் என்னை ஆய்ந்து அறிந்திருக்கிறீர்’ என்று தொடங்கும் பாடகர், இறுதியில் ‘என்னை ஆய்ந்தறியும்’ என்று வேண்டுகிறார். முன்பே முழுமையாக அறியப்பட்டு, அறிந்தவராலேயே அன்பு செய்யப்படுகிறோம் என்ற துணிவு இருப்பவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

நோன்பைப் பற்றி ஒரு சொல். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணிக்கை நூல் கூறுகிறது. அந்த உணவு விலையில்லாமல் கிடைத்தது என்றும் சொல்லிக்கொண்டார்கள். முதுகில் விழுந்த அடிகள்தாம் அதன் விலை என்பது மறந்துபோயிற்று. நோன்பிருக்கும்போது நமக்குள் எழும் எரிச்சலும் ஏக்கமும், நம்மைக் கட்டியிருக்கும் கயிறு எந்த இடத்தில் முடியப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. அதைக் கவனிக்காமல் உணவை மட்டும் குறைத்தவர் பசித்திருந்தார், அவ்வளவே.

எசாயா 58ஆம் அதிகாரம் நோன்பை இன்னும் ஒரு படி கடத்துகிறது: கொடுமைத் தளைகளை அவிழ்ப்பதும் நுகத்தை உடைப்பதுமே ஆண்டவர் விரும்பும் நோன்பு. ஆகவே இன்றிரவு ஆன்ம சோதனை செய்யும்போது, என்னைக் கட்டியிருப்பது எது என்று கேட்டபின், நான் யாரைக் கட்டி வைத்திருக்கிறேன் என்றும் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த தவறை இன்றும் அவர்மீது சுமத்தி வைத்திருந்தால், பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் அவருடைய வீட்டுக் கதவை எந்த நாளில் தட்டப்போகிறோம் என்பதைத் தூங்குவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.